முழுத் தும்மல்

சன்னலை மூடாதே, தாயி. காற்று வரட்டும். தூசி வருகிறதுதான், ரோடு வேலை நடக்கிறது, கள்ளிக்குடி தாண்டும் வரைக்கும் இப்படித்தான். ஜலதோஷத்துக்குக் காற்று நல்லது. யார் சொன்னார்களா? எல்லாரும் சொல்வதுதான். அந்தக் கைக்குட்டையையும் மடியில் வை. பொத்திப் பொத்தி வைத்தால் சளி உள்ளேயே தங்கிவிடும்.

நடுவில் என் கூடை இருக்கிறது, பரவாயில்லையா? மூன்று பேர் உட்காருகிற சீட்டுதான். ஆனால் யாராவது நடுவில் வந்து உட்கார்ந்தால் உனக்கும் இடைஞ்சல், எனக்கும் இடைஞ்சல். நமக்குள் ஒரு மூன்றடி இருக்கட்டும். எங்கே இறங்குகிறாய்? திருமங்கலமா? மதுரை வரைக்கும் வரமாட்டாயா? சரி, சரி. திருமங்கலம் என்றாலும் அரை மணி நேரம் இருக்கிறது.

கழுத்தில் என்ன என்று பார்க்கிறாயா? கேமரா. பிலிம் போட்டு எடுக்கிறது. பயப்படாதே, உன்னை எடுக்க நான் வரவில்லை. மதுரைக்குப் போகிறேன். இதற்குள்ளே ஒரு ரோல் இருக்கிறது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். முப்பத்தைந்து முடிந்துபோனது. ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்றில் ஒரு முழுத் தும்மல் விழ வேண்டும். விழுந்து, மதுரையில் பிலிம் கழுவுகிறவர் மத்தியானம் கடையைச் சாத்துவதற்குள் அவர் கையில் சேர வேண்டும். இல்லையென்றால், நான் எடுத்த படத்துக்குக் கீழே என் வீட்டுக்காரர் பேரே காலாகாலத்துக்கும் இருக்கும்.

எனக்குப் பேர் ஆசை கிடையாது, தாயி. ஆறாவதோடு நின்றவளுக்குப் பேர் எதற்கு? ரேஷன் கார்டில் இருக்கிறது, போதும். ஆனால் நியாயம் என்று ஒன்று வேண்டாமா?

விருதுநகரில் எங்கள் தெரு வத்தல் கிட்டங்கித் தெரு. இரண்டு பக்கமும் மிளகாய் வத்தல் அடுக்கி வைக்கிற கிட்டங்கிகள், நடுவில் நாலைந்து வீடு. வெளியூர்க்காரன் தெருமுனையில் வரும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்வான். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அவர்கள் மூக்கெல்லாம் தகரம். நான் ராஜபாளையத்திலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவள். வந்த நாளிலிருந்து தும்மல். காலையில் பதினொரு தடவை, சாயங்காலம் மூட்டை இறக்கும்போது ஏழு. இருபத்தேழு வருஷமாக இதுதான் கணக்கு. தெருவில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. "ராஜகனி அக்கா தும்மியாச்சு, பிள்ளைகளைக் கிளப்பு" என்பார்கள்.

என் வீட்டுக்காரர் அருஞ்சுனை, கிட்டங்கியில் வத்தலுக்குத் தரம் பார்க்கிறவர். ஒரு பிடி அள்ளுவார், காதுப்பக்கம் வைத்துக் குலுக்குவார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார், "முதல் ரகம்" என்பார், இல்லை "கழிவு" என்பார். மறுபேச்சு கிடையாது. வீட்டிலும் அப்படித்தான். சாம்பாரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார். அந்த மனிதர் போன தீபாவளிக்கு ஒரு சங்கத்தில் சேர்ந்தார். எல்லாக் கஷ்டமும் அங்கேதான் ஆரம்பம்.

டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற தெய்வநாயகம் சார் வைத்திருக்கிற சங்கம் அது. பிலிமில் மட்டும் படம் எடுக்கிறவர்கள். மொத்தம் ஏழு பேர். போனில் எடுப்பது படமே இல்லையாம். எடுத்து அழித்து, எடுத்து அழித்து, அது சிலேட்டாம். "ஒரு மனுசன் ஆயுசுல குறையில்லாத ஒரே ஒரு படம் எடுத்தாப் போதும்யா" என்பார் சார். அந்த ஒரே ஒரு படத்துக்காக ஏழு குடும்பம் பாழாய்ப் போய்க்கொண்டிருக்கிறது. ஒருத்தர் நாலு வருஷமாக ரயில்வே கேட்டில் நிற்கிறார். ரயில் வரும்போது ஆடு வரமாட்டேன் என்கிறது, ஆடு வரும்போது ரயில் வரமாட்டேன் என்கிறது. இன்னொருத்தர் இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது கிளம்புகிற ஆவியை எடுக்கிறார். மூன்று வருஷமாக அந்த வீட்டில் வேறு பலகாரம் கிடையாது. அந்தம்மா தோசைக்கல்லைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

இவர் முதலில் கோபுரம் எடுத்தார். "கோபுரம் சாயுதே, அருஞ்சுனை" என்றார் சார். கிளி எடுத்தார். "கிளி முறைக்குது" என்றார். தெப்பக்குளம் எடுத்தார். "தண்ணி சரி. ஆனா அதுல உயிரு இல்ல." ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு சாப்பிடமாட்டார். நான் என்ன சொல்வேன்? "விடுங்க, வத்தல் தரம் பாக்கத் தெரியுதுல்ல, அது போதாதா?" என்றேன். அதற்கும் கோபம்.

தை மாசக் கடைசியில் ஒருநாள் நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் பக்கம் திருப்பி ஒன்று அமுக்கினார். அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. படம் வந்ததும் தெய்வநாயகம் சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். "இதுலதான்யா உயிரு இருக்கு! ஆனா பாதித் தும்மல். எனக்கு முழுத் தும்மல் வேணும்."

போச்சா? அன்றிலிருந்து நான் அடுப்படியில் நின்றால் அடுப்படியில் கேமரா. கிணற்றடியில் நின்றால் கிணற்றடியில் கேமரா. வத்தல் வரத்து நேரம் வேறு, மாசி, பங்குனி, மூட்டை மூட்டையாக இறங்குகிறது, எனக்கானால் நிற்காத தும்மல். ஒவ்வொரு ரோலையும் மதுரைக்குக் கொண்டுபோய்க் கழுவிவிட்டு வருவார். படங்களைத் தரையில் பரப்புவார். வத்தலைப் பிரிக்கிற மாதிரியே பிரிப்பார். "இது தும்மலுக்கு முந்தி. வாயைப் பொளந்த கோழி. கழிவு. இது தும்மலுக்குப் பிந்தி. எழவு வீட்டு மூஞ்சி. கழிவு. இதுல முந்தானை மறைக்குது. ஏன் ராஜகனி, கடைசி நேரத்துல முந்தானையைத் தூக்குற?"

"பின்னே, ஊர் மேலயா தும்முவாங்க?"

"இது ஊரு இல்ல, லென்சு."

இப்படிப் பேசுகிற மனிதரோடு என்ன பண்ணுவது, சொல்லு. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சாயங்காலம் மூட்டை இறங்கும்போது வாசல் திண்டில் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். அரிசிக்கடைச் சொர்ணம் கடலை கொறித்துக்கொண்டே கேட்டாள்: "மதினி, இன்னைக்கு எத்தனை மணிக்கு?"

நான் டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கி வந்தேன். அதை எடுத்து ஒளித்துவிட்டார், தாயி. கட்டின பெண்டாட்டியின் மாத்திரையை! "சித்திரைக் கண்காட்சி முடியட்டும், பொறு. அதுக்கப்புறம் நீ தும்மவே வேணாம்" என்றார். கண்காட்சி என்றால், கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு ஹாலில் எட்டு நாள் படங்களை மாட்டி வைப்பார்கள். ஊரே வரும். என் சம்பந்தி வீட்டார் சிவகாசியிலிருந்து வருவார்கள். அங்கே நான் மூக்கை விடைத்துக்கொண்டு, கண்ணைச் செருகிக்கொண்டு, வாய் ஒரு பக்கம் போய், இத்தனை பெரிசாகச் சுவரில் தொங்க வேண்டும். பந்தியில் யாருக்காவது சோறு இறங்குமா?

இதைவிட ஒன்று கேளு. அந்த முதல் பாதித் தும்மல் படம் இருக்கிறதல்லவா, அதைக் கிட்டங்கியில் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாராம். பக்கத்து மேசையில் கணக்கு எழுதுகிறவர் சொன்னார். தினமும் காலையில் கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாராம். வந்துபோகிற வியாபாரிகள் பார்த்துச் சிரிக்கத்தானே? வேறு எதற்கு வைப்பார்?

முகத்தை அப்படித் திருப்பாதே, தாயி. இந்தப் பக்கம் திரும்பி உட்கார். காது கேட்க வேண்டாமா?

பங்குனிக் கடைசியில் ஒருநாள், ரோலில் கடைசிப் படம், எனக்கு ஒரு தும்மல் வந்தது பார், என் வாழ்நாளில் அப்படி வந்ததில்லை. கையில் தண்ணீர்க் குடம். முந்தானையைத் தூக்க வழியில்லை. இவர் முற்றத்தின் நடுவில் மண்டி போட்டு உட்கார்ந்து அமுக்கினார். பிறகு எழுந்து குதித்தார். ஐம்பத்து நாலு வயசு. "கிடைச்சிருச்சு! முழுத் தும்மல்! நுனியிலிருந்து அடி வரைக்கும்!" கேமராவுக்கு முத்தம் கொடுத்தார். எனக்கல்ல, கேமராவுக்கு.

ரோலைச் சுற்றி எடுத்து பீரோ மேலே வைத்தார். கிட்டங்கிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம். "ராஜகனி, அந்த ரோலைக் கழுவணும். பத்திரம்."

கழுவணும். இதுதான் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. நான் சொல்லவில்லை, அவர் சொன்னார்.

கழுவினேன்.

ஏன் சிரிக்கிறாய்? பாத்திரத்தைக் கழுவணும் என்றால் கழுவுகிறோம். காலைக் கழுவணும் என்றால் கழுவுகிறோம். ரோலைக் கழுவணும் என்றால்? டப்பாவிலிருந்து ஒரு நுனி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க வந்தது. சோப்புப் போட்டால் காரம் தாங்காது என்று, பார்த்துப் பார்த்து, சீயக்காய்ப் பொடிதான் போட்டேன். தண்ணீர் ஊதாவாக வந்தது. இத்தனை அழுக்கா என்று மூன்று தண்ணீர் மாற்றினேன். வெளிச்சம் பட்டால் படம் போய்விடும் என்று அவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார், அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வெயிலில் போடாமல் நிழலில் காயப்போட்டேன். இத்தனை அக்கறை யாருக்கு வரும்?

சாயங்காலம் வந்தார். கொடியில் அவருடைய பனியனுக்கும் துண்டுக்கும் நடுவில் ரோல் தொங்கிக்கொண்டிருந்தது, கிளிப் போட்டு. பளிச்சென்று இருந்தது. ஒரு கறை இல்லை. பக்கத்தில் போய் நின்றார். தொட்டுப் பார்த்தார். காதுப்பக்கம் வைத்துக் குலுக்கிக்கூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "என்ன இது?" என்றார்.

"நீங்கதான கழுவச் சொன்னீங்க."

அதற்குப் பிறகு நாலு நாள் அவர் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு, தட்டைத் தானே கழுவி வைத்தார். அந்தத் தட்டைக் கழுவும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அது போகட்டும். ஐந்தாம் நாள் புது ரோல் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. "தும்மு" என்றார். எனக்குத் தும்மல் நின்றுபோயிருந்தது, தாயி. இருபத்தேழு வருஷத் தும்மல், அப்படியே நின்றுபோயிற்று. தெய்வச் செயல்தான். மாத்திரை சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம். ஒளித்து வைத்த இடம் எனக்குத் தெரியாதா?

மூன்று நாள் உட்கார்ந்தார். நான் முற்றத்தில் போகிறேன், வருகிறேன், வத்தல் மூட்டை இறங்குகிறது, ஒன்றுமில்லை. தும்மாத என்னை அவர் பார்த்தது ஏதோ காய்க்காத மரத்தைப் பார்ப்பது மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் நான் சுக்குக் காப்பி கொண்டுபோனேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, கேமராவை என் கையில் கொடுத்து, "பிடி" என்றார். காப்பியைக் குடித்தார். அப்போதுதான் அவர் கண் துணி துவைக்கிற கல்லின் மேலே இருந்த சீயக்காய் டப்பாவில் விழுந்தது. என்ன நினைத்தாரோ. "இதுதானே! இந்தச் சனியன்தானே!" என்று எழுந்துபோய் டப்பாவைத் தூக்கி ஓங்கி எறிந்தார். மூடி சரியாகப் போடவில்லை. பொடி முழுக்க அவர் மூஞ்சியிலேயே கொட்டியது.

முப்பது வருஷம் வத்தல் தூசியில் நின்று தும்மாத மூக்கு. வத்தலுக்குத்தான் தகரம், சீயக்காய்க்கு இல்லை போலிருக்கிறது. முதலில் மூக்கு சுருங்கியது. பிறகு நெற்றி மேலே போனது. கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டது. வாய் திறக்க ஆரம்பித்தது. என் கையில் கேமரா. நான் நினைக்கவே இல்லை, தாயி. இரண்டு மாசமாக அவர் செய்ததைப் பார்த்துப் பார்த்து என் கைக்கே தெரிந்திருந்தது. கோழி வாய் வரும்போது அமுக்கக் கூடாது. எழவு மூஞ்சிக்கு முன்னால் அமுக்கிவிட வேண்டும். நடுவில் ஒரு இமை நேரம் இருக்கிறது. அங்கே அமுக்கினேன். டக்.

அந்தப் படத்தை நீ பார்க்க வேண்டும். முடி நட்டுக்கொண்டு நிற்கிறது. மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனி. சுற்றிலும் பொடி புகை மாதிரி, அதில் வெயில் இறங்குகிறது. வாயிலிருந்து தெறித்த துளி ஒவ்வொன்றையும் எண்ணலாம். நான் எண்ணினேன், நாற்பத்தொன்று. மதுரையிலிருந்து கொண்டுவந்து தரையில் போட்டார். இரண்டு நிமிஷம் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் எடுத்ததுலயே இதுதான் முதல் ரகம்."

நான் எடுத்ததில்!

சரி, ஏதோ பழக்கத்தில் சொல்கிறார் என்று விட்டேன். கண்காட்சி போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். ஹால் நடுவில் அந்தப் படம், மாலை போடாத குறை. கீழே அட்டை: "முழுத் தும்மல். எடுத்தவர்: மு. அருஞ்சுனை." படத்திலும் அவர், அட்டையிலும் அவர். முன்னால் ஒரு கூட்டம். தெய்வநாயகம் சார் கேட்கிறார்: "தன்னைத் தானே, அதுவும் தும்முற நேரத்துல, எப்படிய்யா எடுத்த?"

இவர் கூசாமல் சொல்கிறார்: "ஷட்டர் வேக எண்ணை ஐந்நூறுல வச்சேன் சார். தூரம் ஆறடி வச்சேன். கேமராவை ராஜகனி கையில வச்சிருந்தேன்."

"ஸ்டாண்டு மாதிரி?"

"ஸ்டாண்டு மாதிரித்தான் சார்."

ஸ்டாண்டாம்! மூன்று கால் உள்ள ஸ்டாண்டு! நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சொன்னேன்: "பொத்தானை அமுக்கினது நான்." பந்தி பரிமாறுகிற இடத்தில் வாளி விழுந்த மாதிரி எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இவர், "விரல் மட்டும்தான் சார் அவளுது. ரோல் என்னுது, எண் என்னுது, மூஞ்சி என்னுது" என்றார். சங்கத்தில் சண்டை வந்துவிட்டது. இட்லிக்காரர் விரல்தான் முக்கியம் என்றார். ரயில்வே கேட்காரர் தூரம் வைத்தவன்தான் முதலாளி என்றார். ஒருத்தர், "தும்மினது யாரோ அவரோட படம்தான், தும்மல் இல்லாட்டி என்ன இருக்கு?" என்றார். அப்படிப் பார்த்தால் அதற்கு முன்னால் இவர் எடுத்ததெல்லாம் என் படம் என்றுதானே ஆகிறது? அதைக் கேட்டேன்.

கடைசியில் தெய்வநாயகம் சார் கையைத் தூக்கினார். "அம்மா, ஒரு படம் தற்செயலாவும் விழும். கண்ணு தெரியாதவன் எறிஞ்ச கல்லு மாதிரி. ரெண்டாவது படந்தான் எடுத்தது யாருன்னு சொல்லும். அடுத்த ஞாயிறு அஞ்சு மணிக்குக் கண்காட்சி முடியுது. அதுக்குள்ள இன்னொரு முழுத் தும்மல் கொண்டாங்க. வேற யாரோடதாவது. கொண்டாந்தா நானே எங் கையால பேரை மாத்தி எழுதுறேன்." இவர் சிரித்துக்கொண்டே கேமராவை என் கழுத்தில் மாட்டினார். "ஒரே ஒரு ரோலுதான்" என்றார். அதே சிரிப்போடுதான் ஒரு வாரமாக வீட்டில் நடமாடுகிறார். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு. சீயக்காயை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு.

ஒரு வாரம் நான் பட்ட பாடு! எங்கள் தெருவில் ஒருத்தனும் தும்மமாட்டான், சொன்னேனே, தகர மூக்கு. தபால்காரர் தும்முவார். ஆனால் தும்மும்போது முகத்தைப் பைக்குள் விட்டுக்கொள்வார். மூன்று நாள் அவர் பின்னால் சைக்கிளுக்கு ஈடாக நடந்தேன், ஆறு படம், ஆறும் பை. அருப்புக்கோட்டையிலிருந்து என் நாத்தனார் ஜலதோஷம் என்று போனில் சொன்னாள். "வா, மிளகு ரசம் வைத்துத் தருகிறேன்" என்று கூப்பிட்டேன். வந்தாள். வந்தவள் கையோடு மாத்திரையும் கொண்டுவந்துவிட்டாள். அதை நான் ஒளித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய். எடுத்து உயரத்தில் வைத்தேன். அவள் குள்ளம், அதற்கு நான் என்ன செய்ய? பதினாலு படம் அவளை எடுத்தேன். எல்லாம் கோழி, எல்லாம் எழவு. கடைசி நேரத்தில் முந்தானையைத் தூக்கிவிடுகிறாள். "ஏண்டி மறைக்கிறே, இது லென்சு" என்று எத்தனை தடவை சொன்னேன்! அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டாள். சில பேருக்கு நல்லது செய்யவே கூடாது.

புதன்கிழமை ஒரு துஷ்டி வீட்டுக்குப் போனேன். துக்கம் கேட்கத்தான் போனேன். கேமரா கழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். ஊதுவத்திப் புகையில் மூத்த மருமகன் இரண்டு தடவை தும்மினார். இரண்டு தடவையும் எவனோ சங்கு ஊதுகிறவன் குறுக்கே வந்தான். அந்த வீட்டில் என்னை இப்போது என்ன பேசுகிறார்கள் என்று காதில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. இப்படி ஒன்று, அப்படி ஒன்று, முப்பத்தைந்து போய்விட்டது. பிலிமைக் கழுவித்தான் தெரியவேண்டும் என்பதில்லை, தாயி. அமுக்கின கைக்கே தெரியும், விழுந்ததா விழவில்லையா என்று. அதை அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது உண்மை.

இன்றைக்கு என்ன கிழமை? சனி. நாளைக்குப் பிலிம் கழுவுகிற கடை கிடையாது. அதனால்தான் காலை ஏழு மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். நாலு பஸ்ஸை விட்டேன். ஏறி, ஒரு சுற்றுப் பார்த்து, இறங்கிவிடுவேன். எல்லாம் தெம்பான ஆட்கள். ஐந்தாவது பஸ்ஸில்தான் நீ சன்னலோரம் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாய். பாவம், தனியாக வருகிறதே பிள்ளை, பேச்சுத் துணைக்கு ஆகும் என்று உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எங்கே எழுந்திருக்கிறாய்? திருமங்கலம் வந்துவிட்டதா? அதற்குள்ளேயா? இது ஊர் எல்லைதான், தாயி. ஸ்டாண்டுக்குள் போய் நிற்கட்டும். ஓடுகிற பஸ்ஸில் எழுந்திருக்கக் கூடாது. கூடையைத் தாண்டாதே, உட்கார். வேறு இடத்தில் போய் உட்காரப்போகிறாயா? ஏன்? நான் உன்னை என்ன செய்துவிட்டேன்? பேசிக்கொண்டுதானே வந்தேன்?

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆமாம், உன்னைப் பார்த்துத்தான் ஏறினேன். போதுமா? வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். ஊர் பேர் தெரியாத பிள்ளை நீ, உன் முகம் ஒருநாள் சாயங்காலம் எங்கள் ஊர் மண்டபத்தில் இருந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்? உன் சம்பந்தி வீட்டாரா வரப்போகிறார்கள்? என்னை ஸ்டாண்டு என்று சொல்லிவிட்டார், தாயி. இருபத்தேழு வருஷம் சோறு போட்டவளை. எனக்கு வேண்டியது அட்டையில் ஒரு வரி. எடுத்தவர்: அ. ராஜகனி. அதுகூட நிலைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அந்த மனிதர் அதை நின்று படித்தால் போதும்.

என்ன, மூக்கு சிவக்கிறது? வருகிறதா? நிசமாகவா? அடக்காதே! அடக்கினால் காது அடைத்துக்கொள்ளும். கையை எடு. கைக்குட்டையை எடுக்காதே. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா. ஆமாம், அப்படித்தான். எண் வைத்தாயிற்று, தூரம் மூன்றடி, சரி. கண் சுருங்குகிறது. நல்லது. நெற்றி மேலே போகிறது. கோழி. இது இன்னும் கோழி. பொறு. வரட்டும், வரட்டும், என் ராசாத்தி, வரட்டும்...

நூறாயுசு! நூறாயுசு, தாயி! நல்லாயிரு!

ஐயோ.

நான் அமுக்கினேனா? டக்கென்று சத்தம் கேட்டதா உனக்கு? எனக்குக் கேட்கவில்லையே. என் கை எங்கே இருக்கிறது பார், உன் தலையில் இருக்கிறது. எத்தனை பெரிய தும்மல்! நுனியிலிருந்து அடி வரைக்கும் என் கண்ணாலேயே பார்த்தேனே!

சிரிக்காதே. எங்கே போகிறாய்? உட்கார். கண்டக்டர் தம்பி, விசில் ஊதாதீங்க, பிள்ளை இன்னும் இறங்கல! ஒற்றைத் தும்மலோடு ஓர் ஊரில் காலை வைக்கக் கூடாது, தாயி. ஆகாது. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். இன்னொன்று தும்மிவிட்டு இறங்கு.